அண்ணனின் ‘சுபாவம்’

அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் என் அண்ணனோடு இருபது நிமிடம் பேசினார். இந்த முறை கும்பகோணம் போய்வந்ததில் எனக்கு நினைவில் நிற்பது அதுதான்.

அண்ணனுக்கு 51 வயது. வேலைக்குப் போவார், சாப்பிடுவார், கூப்பிட்டால் வருவார். ஆனால் எதிலும் ஒட்டமாட்டார். “உங்க அண்ணன் சுபாவமே அதுதானே” என்பார் அண்ணி. லண்டனிலிருந்து வாரம் ஒரு தடவை போனில் பேசும் நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. மூன்று நாள், மூன்று டோக்கன். தைராய்டு பார்த்தார்கள், அது சரிதான். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும். ரிப்போர்ட் நார்மல் என்றதும் சத்து ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ். தூக்கம் வருகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கோபத்தில் 14416-க்கு, அதாவது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு, அடித்தேன். தமிழிலேயே பொறுமையாகப் பேசி, மனநல ஓ.பி.க்குப் போகச் சொன்னார்கள்.

காலை எட்டுக்கே வரிசை. பெஞ்சில் உட்கார்ந்த அண்ணன் ஓ.பி. சீட்டை மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். டாக்டர் சின்னப் பெண். அதை வாங்கிப் பிரித்து, மேசையில் வைத்து நீவிவிட்டுக் கேட்டார்: “சார், கடைசியா எப்போ மனசு லேசா இருந்துச்சு?”

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். “அப்பா இருந்தப்போ.”

அப்பா போய் ஒன்பது வருடம்.

டிஸ்தைமியா என்றார் டாக்டர். 2 வருடமாவது, பெரும்பாலான நாட்கள் மனம் தாழ்ந்தே கிடக்கும். பசி, தூக்கம், தெம்பு, கவனம், தன்னம்பிக்கை, எதிர்காலத்தின் மேல் பிடிப்பு, இவற்றில் குறைந்தது இரண்டு கெட்டிருக்கும். ஆளைப் படுக்கையில் தள்ளாததால் வீட்டில் சுபாவம் என்று விட்டுவிடுகிறோம். இதன் மேலேயே கடுமையான மனச்சோர்வும் வந்து ஏறலாம் என்றபோது அண்ணி அழுதுவிட்டார்.

லண்டனில் என் தோழி கவுன்சலிங்குக்கு மாதக்கணக்கில் காத்திருந்தாள். இங்கே அன்றைக்கே மாத்திரை, காசில்லாமல். ஆனால் கதவு திறந்தே கிடந்தது. வராந்தாவில் நின்றவர்கள் காதில் விழ விழ அண்ணன் அப்பாவைப் பற்றிப் பேசினார். அங்கே அப்படி நடக்க விடமாட்டார்கள். ஒரு கதவைச் சாத்த எவ்வளவு செலவாகிவிடும்?

மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தாதீங்க என்று சொல்லியிருந்தார். நான் கிளம்பியது பதினோராவது நாள். அண்ணனிடம் பெரிய மாற்றமில்லை. அடுத்த ஓ.பி. செவ்வாய்க்கிழமை. சீட்டை மடிக்காமல் பேங்க் பாஸ்புக்குக்குள் வைத்திருந்தார்.