விபத்தில் அடிபட்டவரின் கட்டிலுக்கே தேடி வரும் ‘கேஸ்’ ஆட்கள்: எச்சரிக்கை

பைக்கில் போய்க்கொண்டிருந்த என் தம்பியைப் பின்னால் வந்த சரக்கு வேன் இடித்துத் தள்ளியது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். அவன் தையல்காரன். விபத்து இவ்வளவுதான். எங்களை ஏமாற்றியது எல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் ஆள் அந்த வேன் டிரைவர். தங்கமான மனுஷன் போல அவரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தம்பி வலியில் துடித்துக்கொண்டிருக்க, டூட்டி டாக்டரிடம் விவரம் சொன்னதும் அவரே: “வண்டி சறுக்கி, தானா விழுந்துட்டாருங்க.” அது அப்படியே ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான். சம்பவம் நடந்து சில மணி நேரத்துக்குள் எழுதியது, அப்போது யாருக்கும் பொய் சொல்லத் தோன்றியிருக்காது என்பது அவர்கள் வாதம். சொன்னது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மறுநாள் வேன் ஓனர் பழப்பையோடு வந்தார். “போலீஸ், கேஸ் எல்லாம் எதுக்குங்க? செலவு பூரா நான் பாத்துக்கறேன்.” முதல் பில்லைக் கட்டவும் செய்தார். ஆபரேஷன் பில் வந்ததும் போனை எடுக்கவில்லை. அதன் பிறகு புகார் கொடுத்து, வேன் நம்பரோடு எஃப்.ஐ.ஆர். வாங்கினோம்.

இரண்டாவது ஆள் இதைவிடக் கில்லாடி. வக்கீல் ஆபீஸிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு, ஃபைலும் கையுமாகக் கட்டில் பக்கத்திலேயே வந்து நின்றார். ஒரு பைசா செலவில்லை, கிடைப்பதில் முப்பது சதவீதம் கொடுத்தால் போதும் என்றார். வக்காலத்தில் கையெழுத்து, கூடவே நாலைந்து வெற்றுத்தாளிலும் கையெழுத்து. வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டார். வக்கீல் முகத்தை நாங்கள் கடைசிவரை பார்க்கவே இல்லை. கிடைக்கும் தொகையில் பங்கு என்று பேசி வக்கீல்கள் கட்டணம் வைக்கக் கூடாது, ஆள் வைத்துக் கேஸ் பிடிக்கவும் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகளே சொல்கின்றன. அந்த ஆளோ அதை ஏதோ சலுகை மாதிரி சொன்னார்.

பல மாதம் சத்தமே இல்லை. திடீரென்று ஒருநாள் அதே ஆள், “மக்கள் நீதிமன்றத்துல ரெண்டு லட்சத்துக்கு முடிச்சுக்கலாம். ஏ.ஆர்.ல தானா விழுந்ததா இருக்கு, எஃப்.ஐ.ஆர். வேற லேட். இழுத்தா ஒண்ணும் வராது” என்றார். தம்பி பயந்து சம்மதித்துவிட்டான். அதிலும் அவர் பங்கு போய்த்தான் கைக்கு வந்தது.

வேறொரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டியபோதுதான் வயிறு எரிந்தது. எஃப்.ஐ.ஆர். தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது. ஏ.ஆர். பதிவும் முடிந்த முடிவல்ல. கிரிமினல் வழக்கு போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தே, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் முடிவு செய்யும். சாட்சி, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாம் கணக்கில் வரும். அதைவிடப் பெரிய அநியாயம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ‘கேஸ் நிக்காது’ என்று பயமுறுத்தி முடித்த தொகை அதைவிடக் குறைவு!

தவறை நிரூபித்து 166-வது பிரிவில் போயிருந்தால் கணக்கே வேறு. தம்பிக்கு வயது 28, அந்த வயதுக்குப் பெருக்கு எண் (வருட வருமானத்தை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பது) 17. மாத வருமானம் 15,000, ஊனம் 20 சதவீதம் என்று வைத்தாலே 15,000 × 12 × 17 × 20% = 6,12,000. மருத்துவச் செலவு, வலி வேதனைக்கு எல்லாம் தனி. ஊனத்தையும் டாக்டர் சான்றிதழில் உள்ள எண்ணோடு விடக் கூடாது, செய்யும் தொழில் எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதும் உச்ச நீதிமன்றம் 2010-ல் கொடுத்த தீர்ப்புதான். கத்தரிக்கோல் பிடிக்க முடியாத தையல்காரனுக்கு 20 சதவீதம் என்பது என்ன கணக்கு?

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானதை மேல்முறையீடு செய்ய முடியாது. ரிட் மனுதான் வழி, அதுவும் லேசில்லை. பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், ஏ.ஆர்.-ல் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள். தப்பாக இருந்தால் உடனே எழுத்துமூலம் டாக்டரிடமும் ஸ்டேஷனிலும் சொல்லுங்கள். ஓனர் செலவு தருகிறேன் என்றால் தரட்டும், அதற்காகப் புகாரை நிறுத்தாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் மனு போட ஆறு மாதக் கெடு இருக்கிறது. வக்கீலுக்கு வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.