ஆயில் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும்: ஒன்பது நாள் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகு

போன மாதம் எங்கள் கிணற்று மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துவிட்டது. திண்டிவனத்தில் சுற்றிக் கொடுக்க ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். மார்கழிப் பட்டத்து மணிலா, அதாவது வேர்க்கடலை, மண்ணுக்குள் விழுது இறங்கும் நேரம். தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது. வேறு வழியில்லாமல், கோணி போர்த்திக் கிடந்த பழைய ஆயில் எஞ்சினை மறுபடி ஓட்டினேன். 2008-இல் மோட்டார் வந்ததிலிருந்து ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து ஐந்து நிமிடம் ஓட்டுவதோடு சரி.

செய்தி கேட்ட மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். அவர் நிலத்துக்கு இன்னும் மின் இணைப்பு வரவில்லை. “மாமா, உங்கள் எஞ்சினை எனக்கே கொடுத்துவிடுங்களேன். இல்லையென்றால் மோட்டாருக்குக் காத்திருக்கட்டுமா?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது லிஸ்டர் வகை. இங்கிலாந்தின் டர்ஸ்லியில் பிறந்து, பிறகு ராஜ்கோட் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின். நிமிடத்துக்கு 650 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. அப்படியென்றால் நொடிக்கு ஐந்துக்குச் சற்று மேல். காது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளும் வேகம் அது. 1500 சுற்றில் ஓடும் எஞ்சின்களில் நொடிக்குப் பன்னிரண்டரை வெடிப்பு. அவை வெறும் இரைச்சல். இது அடி அடியாகப் பேசும்.

பேசும் என்று அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. பம்பு நிறையத் தண்ணீர் இழுத்தால் ஒவ்வொரு அடியும் கனமாக விழும். கிணற்றில் நீர் இறங்கிப் பம்பு காற்று வாங்கினால் சுமை குறையும். வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் டீசலைக் குறைக்கும். அடி சட்டென்று வெளுத்துப்போகும். பெல்ட் வழுக்கினால் கீச்சென்று கேட்கும். டீசல் தீரும்போது நடுவில் ஓர் அடி விழாது, பிறகு இரண்டு விழாது. மூன்று கொல்லை தள்ளி மடை மாற்றிக்கொண்டிருந்தாலும் இத்தனையும் தெரியும். சிறு வயதில் அடியை வைத்தே யார் கிணறு ஓடுகிறது என்று சொல்வோம்.

மோட்டார் என்ன சொன்னது? எரிந்த அன்று இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போயிருக்கிறது. மீதி இரண்டு முனையில் திணறித் திணறி ஓடிச் சுருள் வெந்திருக்கிறது. முந்நூறு அடி தூரத்தில் படுத்திருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ரிலே ஸ்டார்ட்டரில் பழுதாகியிருந்தது. அதை மாற்றாதது என் தவறு, மோட்டார் மேல் பழி போட மாட்டேன். ஆனாலும் உயிர் போகும்போதுகூடவா ஒரு சத்தம் போடக் கூடாது?

எஞ்சின் ஓடிய நான்காம் நாள் நடந்ததை மறக்க முடியாது. அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த எஞ்சினின் பக்கத்திலேயே நின்றவர். அவர் காதில் பாதியை இதுதான் தின்றது. பேரப் பிள்ளைகள் பேசுவது அவருக்குக் கேட்பதில்லை. நான் முற்றத்தில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தேன். திண்ணையில் கண்மூடிப் படுத்திருந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, “பம்பு காற்று வாங்குகிறது, போய்ப் பார்” என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் உறிஞ்சு குழாயின் அடிநுனியில் இருக்கும் ஃபுட் வால்வு நீருக்கு மேலே தெரிகிறது. இரைச்சல் முதலில் பறிப்பது கீச்சுக் குரல்களைத்தான். தாழ்ந்த அடி அவருக்குள் அப்படியே தங்கியிருக்கிறது. நான் நல்ல காதை வைத்துக்கொண்டு கவனிக்கவில்லை.

இனி கணக்கைச் சொல்ல வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் டீசலாவது குடிக்கிறது. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். ஒன்பது நாளில், நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டியதற்கு ஐயாயிரத்தைத் தொட்டுவிட்டது. மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். எஞ்சின் தின்னும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மீதி வெப்பமாகவும் புகையாகவும் போகிறது. கைப்பிடி சுற்றத் தெம்பு வேண்டும். சுற்ற எளிதாகச் சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவைக்கும் டிகம்ப்ரஷன் நெம்புகோலை விடும் நொடியில் தப்பினால் மணிக்கட்டு போய்விடும். மேலே இருந்து உறிஞ்சும் பம்பு என்பதால் நீர் இருபது அடிக்குக் கீழே போனால் திண்டாட்டம். ஏரி நிறைந்திருந்ததால் இந்த ஆண்டு பிழைத்தோம். புகை குடித்த துணியை இரண்டு முறை துவைத்தும் வாசம் போகவில்லை என்று வீட்டில் கோபம். அது நியாயமான கோபம்.

அதனால் மைத்துனருக்கு ஒரே வரியில் சொன்னேன்: எஞ்சின் வாங்காதே, காத்திருந்து மோட்டாரே போடு, ரிலேயில் மட்டும் காசு பார்க்காதே.

“அப்படியென்றால் உங்களுடையதை இரும்புக்காவது போட்டுவிடலாமே” என்றார். போட மாட்டேன். மோட்டார் திரும்பி வந்து, புது ரிலேயோடு ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று கடைக்குப் போனபோது எஞ்சினுக்கு டீசல் பீச்சும் ஒரு நாசிலும், புகைக்குழாய் வாய்க்கு ஒரு தகர மூடியும் வாங்கி வந்தேன். மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டப்போகிறேன், அப்பா திண்ணையில் இருக்கும் நேரமாகப் பார்த்து.