கடலோர வீட்டுக்கு எந்த சோபா: ரெக்சினா, தோலா, துணியா, மரமா?

எங்க நாத்தனார் கடலூர் நெல்லிக்குப்பம் ரோட்டுல வீடு கட்டி தை மாசம் குடி போறாங்க, ஹாலுக்கு சோபா எது எடுக்கறதுன்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல கொஞ்ச நாளா இதே பேச்சுதான். அவங்க பையன் லெதர்னு நிக்கறான், மாமியார் மரச்சோபா போதும்ங்கறாங்க, ஷோரூம்ல ரெக்சின தடவி காட்டி இதுவும் லெதர் மாதிரிதான் மேடம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அவங்களுக்கு நான் சொன்னத கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன், கடலூர் புதுச்சேரி பக்கம் இருக்கற எல்லாருக்கும் பொருந்தும். என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். மேல் உறைய ஜிப்ப திறந்து கழட்டி துவைக்க முடியாத சோபாவ, குழந்தைங்களும் வயசானவங்களும் இருக்கற வீட்டுக்கு நம்ம ஊர்ல வாங்காதீங்க, எவ்ளோ ஆஃபர்ல கிடைச்சாலும் சரி.

ஏன் நம்ம ஊர்லன்னு தனியா சொல்றேன்னா, காத்துதான் காரணம். கடற்கரை தேவனாம்பட்டினத்துல இருந்து ஊருக்குள்ள இருக்கற மஞ்சக்குப்பம் எவ்ளோ தூரம்? சாயங்காலம் கடல் காத்து வீசும்போது ஜன்னல திறந்து வச்சா காலைல ஜன்னல் கம்பில கை வச்சாலே பிசுபிசுன்னு இருக்கும், அதே உப்பும் ஈரமும்தான் சோபா மேலயும் படியுது. சித்திரை வைகாசில கத்திரி வெயில், அதோட புழுக்கம், ஐப்பசி கார்த்திகைல வாரக்கணக்குல மழை. காஞ்ச ஊர்ல நல்லா உழைக்கற பொருள் இங்க அதே மாதிரி உழைக்கறதில்ல. அதனால பெங்களூர்ல இருக்கற அக்கா வீட்டு சோபாவ பார்த்துட்டு வந்து அதே மாதிரி வேணும்னு கேக்காதீங்க.

ரெக்சின்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நிறைய பேர் வாங்கறது அதத்தான். ரெக்சின்னு பொதுவா சொல்றோமே தவிர அதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒன்னு பிவிசி, இன்னொன்னு பியு. பியு தொட்டா மெத்துன்னு நிஜ தோல் மாதிரியே இருக்கும், விலையும் கூட, அதனால நல்ல சரக்குன்னு நினைச்சு எடுத்துடுவோம். ஆனா கீழ இருக்கற துணி மேல பூசியிருக்கற அந்த பாலியூரித்தேன் படலத்த ஈரமும் சூடும் சேர்ந்து மெல்ல மெல்ல உடைச்சிடும், காத்துல இருக்கற ஈரமே போதும், தண்ணி ஊத்தணும்னு கூட இல்ல. வியர்வையும் தலை எண்ணெயும் படற எடத்துல இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதான் எந்த வீட்ல பார்த்தாலும் முதல்ல தலை சாய்க்கற எடமும் கை வைக்கற எடமும் பொரிஞ்சு செதில் செதிலா உரிய ஆரம்பிக்குது, அப்புறம் அந்த கருப்பு தூள் உக்கார்றவங்க சட்டைல ஒட்டுது, தவழ்ற குழந்த வாயில போட்டுக்குது. உரிஞ்ச பியுவுக்கு ரிப்பேர் கிடையாது. ஸ்ப்ரே, க்ரீம், ஒட்ற பேட்ச்னு எது போட்டாலும் பக்கத்துல உரியும், மொத்தமா உறைய மாத்தித்தான் ஆகணும்.

பிவிசி அந்த மாதிரி உரியாது, ஈரத்துக்கு நல்லாவே தாங்கும். ஆனா அத வளைய வைக்கறதுக்குன்னு சேக்கற எண்ணெய் மாதிரி பொருள் வருஷம் போகப் போக வெளியேறிடும், அப்புறம் விறைச்சு மடிப்புல வெடிக்கும். அதுக்கு முன்னாடியே மே மாசம் கரண்ட் போன மத்தியானத்துல நைட்டியோடவோ அரைக்கால் டவுசரோடவோ அதுல உக்காந்து எழுந்து பாருங்க, தொடை ஒட்டிக்கிட்டு வரும். கிளினிக் வெயிட்டிங் ஹாலுக்கும் ஆபீஸ் ரிசப்ஷனுக்கும் பிவிசி சரி, துடைச்சு விட்டா போதும். நாள் முழுக்க படுத்து புரள்ற வீட்டு ஹாலுக்கு ஒத்து வராது.

நிஜ தோல். தோல் பொருளு நம்ம பக்கத்துக்கு புதுசு இல்ல, தோல் பை செய்யற ஹைடிசைன் கம்பெனிய 1978ல புதுச்சேரிலதான் ஆரம்பிச்சாங்க, தோல் பதனிடற ஆம்பூர் வாணியம்பாடி ராணிப்பேட்டை எல்லாம் நம்ம தமிழ்நாட்டுலதான் இருக்கு. நல்ல தோல் ரெக்சின் மாதிரி ஒட்டாது, மூச்சு விடும், நம்ம உடம்பு சூட்டுக்கு தானா வந்துடும், ஒழுங்கா பாத்துக்கிட்டா பதினஞ்சு வருஷம் கூட வரும். ஆனா தோல் பைய தினம் தோள்ல மாட்டிக்கிட்டு வெயில்ல காத்துல போறோம், சோபா ஒரே எடத்துல செவுத்த ஒட்டி கெடக்கு. அடமழைல வீட்ட பூட்டிட்டு ஒரு வாரம் ஊருக்கு போயிட்டு வந்தா முதுகுப்பக்கம் வெள்ளையா பச்சையா பூஞ்ச பூத்திருக்கும். உடனே காஞ்ச துணியால துடைச்சு ஃபேன் போட்டு விட்டா போயிடும், விட்டுட்டா கறை நின்னுடும். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கண்டிஷனர் போடணும், நேர் வெயில் படக்கூடாது, பூனை வளர்க்கறவங்க யோசிக்கவே வேணாம். விலையும் சுலபமா லட்சத்த தாண்டும். ரெண்டு பேர் மட்டும் இருக்கற வீடு, ஏசி ஓடற ஹால், கவனிக்க நேரம் இருக்குன்னா தாராளமா எடுங்க. ஒன்னே ஒன்னு, பாண்டட் லெதர்னு பில்லுல எழுதியிருந்தா அது தோல் தூள அரைச்சு பசை போட்டு ஒட்டி மேல பியு பூசினது, அதுக்கும் பியு ரெக்சின் கதைதான்.

இப்ப துணிக்கு வருவோம், இங்கதான் நிறைய பேசணும், ஏன்னா ஃபேப்ரிக்னு ஒரே வார்த்தைல கடைக்காரங்க பத்து சரக்கு காட்டுவாங்க. வெல்வெட் பார்க்க ராஜ களையா இருக்கும், நம்ம புழுக்கத்துக்கு சூடு, உக்காந்த எடத்துல தடம் விழும், தூசி புடிச்சுக்கும். ஷெனில் மெத்து மெத்துன்னு ரொம்ப சொகம், ஆனா சின்ன பொண்ணுங்க கொலுசு மாட்டி நூல இழுத்துடும், ஒரு நூல் வந்தா வரிசையா வரும். சணல் கலந்தது தோல அரிக்கும், ஈரத்தயும் குடிக்கும். தனி காட்டன் உக்கார்றதுக்கு எல்லாத்துலயும் சொகம், வியர்வைய உறிஞ்சிடும், ஆனா முதல் துவையல்ல சுருங்கும், மழைக்காலத்துல சரியா காயாம போட்டா புள்ளி புள்ளியா கருப்பு விழும். தனி பாலியஸ்டர் சீக்கிரம் காயும், பூஞ்ச அவ்ளோ சுலபமா புடிக்காது, சாயம் போகாது, ஆனா எண்ணெய விடாம புடிச்சுக்கற குணம் அதுக்கு உண்டு. நம்ம வீட்ல தலைக்கு எண்ணெய் வைக்காத ஆள் யாரு? அதனால காட்டனும் பாலியஸ்டரும் கலந்து நெருக்கமா நெய்ஞ்ச கனமான துணிதான் என் ஓட்டு. வெளிச்சத்துக்கு நேரா தூக்கி புடிச்சு பாருங்க, ஊசி ஊசியா வெளிச்சம் தெரிஞ்சா வேணாம்.

சாம்பிள் கேட்லாக் பின்னாடி மார்ட்டிண்டேல்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, கம்பளித் துணிய வச்சு அழுத்தி தேய்ச்சு எத்தன தேய்ப்புக்கு நூல் அறுதுன்னு பார்க்கற சோதனை அது. 15,000ல இருந்து 25,000 வரைக்கும் சாதாரண வீட்டு உபயோகம், அதுக்கு மேல 30,000 வரைக்கும் போனா தினம் குதிச்சு விளையாடற வீட்டுக்கு. நம்பர் இல்லன்னா கடைக்காரர்கிட்ட ஒரு நூல் உருவி கேட்டு தீக்குச்சில காட்டுங்க, சாம்பலா உதிர்ந்தா காட்டன், உருகி கெட்டியா உருண்டையா நின்னா பாலியஸ்டர், ரெண்டும் கலந்து வந்தா கலப்பு. எண்ணெய்க் கறைக்கு கடலமாவோ டால்கம் பவுடரோ கொட்டி ராத்திரி முழுக்க விட்டு காலைல பிரஷ்ஷால தட்டிட்டு, பாத்திரம் தேய்க்கற சோப்பு தண்ணி ரெண்டு சொட்டு விட்டு தேய்ச்சா முக்கால்வாசி போயிடும், மிச்சம் துவையல்ல போகும். உறை கழட்டற மாதிரி இருந்தாத்தான் இதெல்லாம் நடக்கும். தச்சு ஸ்டேப்பிள் அடிச்ச சோபால மேலாக துடைச்சா தண்ணி உள்ள ஃபோமுக்கு எறங்கி ஒரு வாரம் நாத்தம் அடிக்கும்.

அரியாங்குப்பத்துல சோபா தைக்கற ஒரு அண்ணன்கிட்ட எங்க தெரு வீட்டு சோபா ஒன்னு போயிருந்தப்போ கூட இருந்து பார்த்தேன். கீழ் துணிய கிழிச்சதும் ஸ்டேப்பிள் பின் எல்லாம் துரு புடிச்சு விரல்ல புடிச்சா மாவா உதிருது, ஸ்பிரிங் கொக்கி ஒன்னு கைல புடுங்கிட்டு வந்துடுச்சு. "மேல இருக்கறத பார்த்து வாங்கறீங்கம்மா, கீழ கவுத்து போட்டு பாக்க மாட்டேங்கறீங்க"ன்னார். "சரிங்கண்ணா, புதுசா தைச்சா என்ன போடுவீங்க"ன்னு கேட்டேன். "கடலோரத்துக்கு ஸ்பிரிங்கே வேணாம்மா, எலாஸ்டிக் பெல்ட்டு இல்லன்னா பலகை போடுவேன், ஜிப்பு நைலான் ஜிப்பு, இரும்பு ஜிப்பு போட்டா நாலு துவையலுக்கு அப்புறம் நகராது"ன்னார். ஸ்குரூ கூட துரு புடிக்காத எஸ்எஸ் ஸ்டீலோ பித்தளையோ கேட்டு வாங்கணும், இரும்புன்னா மரத்துல கருப்பா கறை எறங்கும்.

அப்ப மரச்சோபா, மேல தனித்தனியா மெத்தை. நாத்தனாரோட மாமியார் சொன்னது சரிதான், எனக்கும் இதுதான் புடிச்சது. தேக்குன்னு எல்லாரும் ஓடறாங்க, தேக்கு நல்லதுதான், அதுல இருக்கற எண்ணெயே கரையான அண்ட விடாது. ஆனா நம்ம மாவட்டத்துலயே பண்ருட்டி பலா இருக்கும்போது அத ஏன் யாரும் கேக்கறதில்லன்னு எனக்கு ஆதங்கம். தஞ்சாவூர்ல வீணை செய்யறதுக்கு தேடி வாங்கற மரம் அது. புதுசுல மஞ்சளா இருக்கும், வருஷம் ஆக ஆக செம்மண் நிறத்துக்கு வரும், வைரம் பாஞ்ச மரம்னா கரையானும் சுலபமா ஏறாது. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு பண்ருட்டி ஜனங்க பட்டது பெரிய பாடு, அந்த ஊர் தச்சுப்பட்டறைக்கு நாலு ஆர்டர் போனா நல்லதுதானே. மரம் எடுக்கும்போது ரெண்டு பாருங்க, ஓரத்துல வெளிரி இருக்கற வெள்ளைப் பகுதி வேணாம், அது உளுத்துப் போகும், அப்புறம் அறுத்து நல்லா காய வச்ச மரமான்னு கேளுங்க, பச்சை மரத்துல செஞ்சா மாசி பங்குனில பூட்டு விட்டு கால் ஆடும். பார்ட்டிகிள் போர்டு சட்டம் மட்டும் எந்த விலைக்கும் வேணாம், மாப்பு தண்ணி பட்டே உப்பிடும்.

இதுல குறை இல்லன்னு சொல்ல மாட்டேன். கனம், ரெண்டு ஆள் இல்லாம நகத்த முடியாது. மெத்தை முன்னாடி வழுக்கிட்டு வரும், அடில வெல்க்ரோ தைக்கணும். சாஞ்சு படுத்து டிவி பார்க்கறதுக்கு ஷோரூம் எல் ஷேப் சோபா குடுக்கற சொகம் இதுல வராது, மரக் கைப்பிடில தலை வச்சா வலிக்கும், ஒரு தலகாணி வேணும்.

குரூப்ல பிரம்பு பத்தியும் கேட்டாங்க. புதுச்சேரி பழைய பிரெஞ்சு வீடுகள்ல பின்னல் போட்ட நாற்காலி பார்த்திருப்பீங்க, வெயில் காலத்துக்கு அதுக்கு மிஞ்சி ஒன்னும் இல்ல, கீழ இருந்தும் காத்து வரும். தொய்ஞ்சா அடிப்பக்கம் ஈரத்துணியால நனைச்சு காய வச்சா திரும்ப இறுகும். ஆனா பசங்க ஏறி குதிச்சா ஓட்டை விழும், பின்றதுக்கு ஆள் தேடணும். திண்ணைல ரெண்டு நாற்காலி போட்டுக்கலாம், ஹாலுக்கு இது மட்டும்னு நம்ப வேணாம்.

எந்த மேல்துணி போட்டாலும் உள்ள ஃபோம் சப்பையா இருந்தா ரெண்டாவது வருஷமே குழி விழும். 40 டென்சிட்டின்னு வாயில சொல்லிட்டு மட்டமானத வைக்கறவங்க உண்டு, இத கண்டுபுடிக்க ரொம்ப சுலபமா ஒரு வழி இருக்கு. டென்சிட்டிங்கறது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தன கிலோங்கற கணக்குதான். 2 அடிக்கு 2 அடி, 5 இன்ச் கனம் உள்ள மெத்தைல இருந்து ஃபோம உருவி லக்கேஜ் தூக்கற தராசுல மாட்டுங்க, 40 டென்சிட்டின்னா கிட்டத்தட்ட 1.9 கிலோ காட்டணும், 32ன்னா 1.5 கிலோ. 1 கிலோ 100 கிராம் காட்டுச்சுன்னா அது 23தான், பேசவே வேணாம். உக்கார்ற எடத்துக்கு 40, முதுகுக்கு 28ல இருந்து 32 போதும். இலவம்பஞ்சு முதுகு தலகாணிக்கு நல்லாருக்கும், சீட்டுக்கு போட்டா கட்டி கட்டியா ஒதுங்கிடும்.

உயரத்தயும் டேப் புடிச்சு பாருங்க. எங்க அத்தைக்கு முட்டி வலி, 15 இன்ச் உயரத்துல ஆழமா இருக்கற சோபால உக்காந்தா யாராவது கை குடுத்து தூக்கணும். சீட் உயரம் 17, 18 இன்ச், ஆழம் 21, 22 இன்ச், கைப்பிடி கெட்டியா இருந்தா அவங்களே ஊனி எழுந்துக்கறாங்க.

வெள்ளத்த பத்தி சொல்லாம நம்ம ஊர்ல சோபா பேச முடியாது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணைய திறந்து தென்பெண்ணைல வந்த வெள்ளம் கடலூர் பக்கம் வீட்டுக்குள்ள பூந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் தெருவுல கெடந்தது எல்லாம் மொத்தமா தச்ச சோபாதான், சாக்கடை தண்ணிய குடிச்ச ஃபோம காய வச்சு உபயோகிக்க முடியாது, வாசமும் போகாது. மரச்சோபா வச்சிருந்தவங்க தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சதும் மெத்தைய எல்லாம் பரண்ல தூக்கி போட்டாங்க, சட்டத்த அப்புறம் கழுவி நிழல்ல காய வச்சு பாலிஷ் போட்டாங்க, அவ்ளோதான்.

நாத்தனாருக்கு நான் எழுதிக் குடுத்தது இதுதான். பலா மரச்சட்டம், கால் உயரம் 6 இன்ச், மாப்பு உள்ள போகணும். சீட்டுக்கு 40 டென்சிட்டி, கலப்புத் துணி, நைலான் ஜிப். ரொம்ப வெளிர் நிறம் வேணாம், ஒரே அடர் நிறமும் வேணாம், சின்ன கோடு போட்டதோ ரெண்டு நூல் கலந்ததோ எடுத்தா சாம்பார் சொட்டு தெரியாது. துணிய தைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ தண்ணில முக்கி காய வச்சுடுங்க, அப்புறம் சுருங்காது. தலை படற எடத்துக்கு அதே துணில சின்னதா தனி விரிப்பு தைச்சு மேல போட்டுட்டா வாரத்துக்கு ஒரு தடவ அத மட்டும் துவைச்சா போதும்.

துணி எடுக்கும்போது அதே ரோல்ல இருந்து 2 மீட்டர் கூடுதலா வெட்டி வாங்கி வச்சுக்கங்க, 54 இன்ச் அகல துணில அது ரெண்டு சீட் மெத்தைக்கு சரியா வரும். ரெண்டு வருஷம் கழிச்சு அதே நம்பர் துணிய கேட்டா கூட சாயம் ஒத்துப் போகாது.