ஸ்கூட்டர் ரீஜென் பிரேக்: பதினொரு மாதம் ஓட்டிய பிறகு

சேலத்தில் தினமும் 24 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், எலெக்ட்ரிக் வண்டி வாங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. சீட், டிக்கி, டிஸ்ப்ளே பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் ரீஜென் பற்றி மட்டும் சொல்கிறேன், அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பும் வசதி. அதைத்தான் என்னிடம் தப்பாகச் சொல்லி விற்றார்கள்.

ஷோரூமில் சொன்னது, "பிரேக் பிடிச்சாலே சார்ஜ் ஏறும் சார், ரேஞ்ச் கால்வாசி கூடும்." கூடவில்லை. கணக்குப் போட்டால் டவுனுக்குள் ரேஞ்ச் அவ்வளவு கூடுவதற்கு வாய்ப்பே இல்லை. வண்டி 110 கிலோ, நான் 70, மொத்தம் 180. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எங்கள் இருவருக்கும் சேர்த்து இயக்க ஆற்றல் 25,000 ஜூல், பேட்டரிக் கணக்கில் 7 வாட் ஹவர்கூட முழுசாக இல்லை. என் வண்டி கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட் ஹவர் குடிக்கிறது. அப்படியானால் அறுபதிலிருந்து நின்று, ஒரு ஜூல்கூட வீணாகாமல் எல்லாம் பேட்டரிக்குத் திரும்பினாலும் 230 மீட்டர்தான் ஓடும், மோட்டாரிலும் கண்ட்ரோலரிலும் சூடாகப் போவது வேறு. டவுனுக்குள் முப்பதில் போகும்போது வேகம்தான் பாதி, ஆற்றல் கால்வாசி ஆகிவிடுகிறது, வெறும் 6,250 ஜூல். சிக்னலுக்குச் சிக்னல் நிற்பதால் சார்ஜ் ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஆனால் ஏற்காடு போய் வந்த பிறகு இந்த வசதி இல்லாத வண்டியை இனி வாங்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். பழைய பெட்ரோல் ஸ்கூட்டரில் அந்த 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது பாதி வழியிலேயே டிரம் சூடாகி லைனிங் கருகும் வாடை வரும், லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காத மாதிரி இருக்கும், பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தால் எனக்குக் கை நடுங்கும். இதில் ஆக்சிலேட்டரை விட்டால் போதும், வண்டி முப்பதிலேயே நிதானமாக இறங்குகிறது, பிரேக்கைத் தொட்டது வளைவுகளில் மட்டும்தான். மேலே 52 சதவீதம் இருந்தது, அடிவாரத்தில் 56. அந்த நாலு சதவீதத்தைவிட பிரேக் சூடாகாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிசு.

ஒன்று மட்டும் ஷோரூமில் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு தடவை மேலே தங்கி ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு இறங்கினேன். முதல் வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரை விட்டேன், வண்டி வேகம் குறையவே இல்லை, பகீரென்று ஆகிவிட்டது. பேட்டரி நிறைந்திருந்தால் வரும் மின்சாரத்தைப் போட இடம் கிடையாது, அதனால் ரீஜென் தானாக நின்றுவிடுகிறது. மலையிலிருந்து இறங்குபவர்கள் தயவுசெய்து எண்பதோடு சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், ரீஜென் பிடிப்பது பின் சக்கரத்தை மட்டும். ஈர ரோட்டில் அதிகமாக வைத்தால் பின்பக்கம் வழுக்கும், மழை நாளில் நான் குறைந்த அளவிலேயே வைத்துக்கொள்கிறேன்.