டெஸ்ட் பல்பா, மல்டிமீட்டரா? பழைய காரின் மின் கோளாறுகளுக்கு எது கைகொடுக்கும்

பவர் விண்டோ திணறித் திணறி ஏறும். ஹார்ன் தொண்டை கட்டியதுபோல் ஒலிக்கும். ப்ளோயர் கடைசி வேகத்திலும் முனகும். 15 வயது தாண்டிய காரில் இவை வழக்கமான தொல்லைகள். ஆட்டோ எலக்ட்ரீசியன் கையில் பெரும்பாலும் டெஸ்ட் பல்ப் (இரு வயர் மாட்டிய கார் பல்ப்) இருக்கும், வீட்டில் தானே பார்த்துக்கொள்பவர் கையில் வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றுதான் வாங்குவது என்றால் என் ஓட்டு மீட்டருக்கு. ஆனால் பலர் அளக்கிற மாதிரி அளந்தால் பல்பே தேவலை.

காரணம் இதுதான். மீட்டரின் உள்தடை சாதாரணமாக 10 மெகா ஓம், அதாவது அது கரண்டே இழுக்காது என்று சொல்லலாம். கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) கழற்றி அளந்தால், கதவுக் கீல் பக்கம் வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் முழு 12 வோல்ட் காட்டும். ‘கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு’ என்று நல்ல மோட்டாரை மாற்றுவது இப்படித்தான். வயர் அறுபடவில்லை என்று சொல்லும் மீட்டரின் கன்டினியூட்டி பீப்பும் அதே இழையில் சந்தோஷமாகக் கத்தும்.

பல்ப் கொஞ்சமாவது கரண்ட் இழுக்கிறது: 5 வாட் என்றால் 0.4 ஆம்பியர், 21 வாட் என்றால் 1.75. அதனால் படுமோசமான இணைப்பில் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய காரின் நிஜமான வியாதி அவ்வளவு மோசமாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். கரண்ட் திரும்பிப் போக வயரை காரின் பாடியோடு இணைக்கும் எர்த் போல்ட்டடியில் துரு, கப்ளர் பின்னில் பச்சைக் களிம்பு, தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 5 வாட் பல்ப் அங்கே இழப்பது 0.08 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. 8 ஆம்பியர் இழுக்கும் விண்டோ மோட்டாருக்கோ 1.6 வோல்ட் போய்விடும். இதை ஓம் அளவில் பிடிக்கவும் முடியாது. மலிவு மீட்டரின் ப்ரோப் (அளக்கும் முனை) வயரே 0.2, 0.3 ஓம் காட்டும்.

ஆகவே மோட்டார் ஓடும்போதே வோல்ட் இழப்பை அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். பேட்டரி ஓய்வில் 12.4க்கு மேல் இருக்கட்டும். இல்லாவிட்டால் முதலில் சார்ஜ். கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாகக் குண்டூசி செருகி மோட்டாரின் இரு முனைகளிலும் ப்ரோப்பை வைத்து, ஒருவரை ஸ்விட்சை அழுத்தச் சொல்லுங்கள். அதே நேரம் பேட்டரியில் 12.2, மோட்டாரில் 9.9 என்றால் 2.3 வோல்ட் வழியில் தொலைகிறது.

எங்கே தொலைகிறது? கறுப்பு ப்ரோப்பை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வையுங்கள், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அல்ல. சிவப்பை மோட்டாரின் எர்த் பக்க வயரில் வையுங்கள். பல கார்களில் விண்டோ மோட்டாருக்குத் தனி எர்த் கிடையாது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் வயர்கள் இடம் மாறி, ஸ்விட்ச் வழியாகத்தான் எர்த் ஆகும். அழுத்தும்போது குறைந்த வோல்ட் காட்டுவது எர்த் பக்கம். அங்கே 1.6 வந்தால் சிவப்பை ஒவ்வொரு இடமாகப் பின்னுக்குக் கொண்டுபோங்கள்: ஸ்விட்ச்சின் எர்த் பின், கதவுக் கீல் தாண்டிய கப்ளர், பாடி எர்த் போல்ட். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே அளவு சட்டென்று விழுகிறதோ, கோளாறு அங்கேதான். ஒரு இணைப்பில் 0.1, மொத்த எர்த் பக்கத்துக்கு 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். பிறகு சிவப்பு பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு மோட்டாரின் பாசிட்டிவ் வயரில், அதே வேட்டை. இந்தப் பக்கம் ஸ்விட்ச், ரிலே, ஃப்யூஸ் எல்லாம் வரிசையில் இருப்பதால் அரை வோல்ட் வரை விடலாம்.

எர்த் போல்ட் என்றால் கழற்றி, உப்புத்தாளால் பெயின்டும் துருவும் போகத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். மோட்டாருக்கு 11.5க்கு மேல் கிடைத்தும் கண்ணாடி திணறினால் வயரிங்கை விட்டுவிடுங்கள். காய்ந்துபோன கண்ணாடி ரப்பருக்கு சிலிகான் ஸ்ப்ரே அடித்துப் பார்த்த பிறகு மோட்டாரைச் சந்தேகப்படலாம்.

பேட்டரி ராத்திரியில் இறங்கும் கேஸும் மீட்டருக்கே. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, சிவப்பு ப்ரோப்பை 10 ஆம்பியர் துளையில் செருகிய மீட்டரை கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இணையுங்கள். எல்லாம் அணைந்த பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அளவு இறங்குகிறதோ அந்தச் சர்க்யூட். மீட்டர் நடுவில் இருக்கையில் ஸ்டார்ட் செய்யக் கூடாது. முடிந்ததும் ப்ரோப்பை வோல்ட் துளைக்கு மாற்ற மறந்து பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட்.

டெஸ்ட் பல்ப் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: போட்டவுடன் எரிந்துபோகும் ஃப்யூஸ். ஃப்யூஸ் இடத்தில் 21 வாட் பல்பை இணைத்தால், ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். மங்கும் இடத்தில் கை நிற்கட்டும். மீட்டரை வைத்து இதைச் செய்யப் போனால் ஒரு பாக்கெட் ஃப்யூஸ் காலி.

ஈசியூ (காரின் கம்ப்யூட்டர்), சென்சார் வயர்களில் மட்டும் அந்தப் பல்பை வைக்காதீர்கள், 1.75 ஆம்பியரைத் தாங்க அவை செய்யப்படவில்லை. மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக். அதில் பல்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.