மூன்று வருடம் ஒரு பிழை நோட்டு: மகளின் ஆங்கில வீட்டுப்பாட அனுபவம்

2023 ஜனவரியில், இங்கே சிங்கப்பூரில் மகள் தொடக்கநிலை நான்குக்குப் போனபோது இந்த நோட்டை ஆரம்பித்தோம். 2025 செப்டம்பரில், தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் தேசியத் தேர்வான பி.எஸ்.எல்.இ.யின் எழுத்துத் தேர்வு வரை தொடர்ந்தோம். மொத்தம் நான்கு நோட்டு தீர்ந்தது.

அதற்கு முன்னால் ஓர் இலக்கணத் திருத்தச் செயலியை நம்பியிருந்தேன். அவள் கட்டுரையைத் தட்டச்சு செய்வாள், தப்பான சொல்லின் கீழே கோடு விழும், தொட்டால் சரியான சொல் வந்து உட்காரும். வீட்டுப்பாடம் சீக்கிரம் முடிந்தது. ஆனால் வகுப்பில் கையால் எழுதும்போது அதே பிழைகள் திரும்பி வந்தன. தேர்வுத் தாளில் எடிட்டிங் என்ற பிழைதிருத்தும் பகுதியில் தவறான சொல்லுக்கு அடிக்கோடு போட்டே கொடுக்கிறார்கள். திருத்தத்தைப் பிள்ளைதான் எழுத வேண்டும். என் மகளுக்குப் பழக்கம் தேவைப்பட்ட அந்த வேலையைத்தான் செயலி செய்துகொண்டிருந்தது.

நோட்டின் முறை எளிது. பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் அவள் எழுதிய தவறான வாக்கியம், வலப்பக்கம் சரியானது. கீழே, ஏன் தவறு என்று அவளுடைய சொல்லில், தமிழோ ஆங்கிலமோ, ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

முதல் பக்கத்தில் "யெஸ்டர்டே மை மதர் பை ஃபிஷ்" என்று இருக்கிறது. விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் பேசும் சிங்லிஷில், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில், 'யெஸ்டர்டே' என்றாலே காலம் புரிந்துவிடும், வினைச்சொல் மாற வேண்டியதில்லை. விதியைப் பல தடவை சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஒருநாள் தமிழில் கேட்டேன்.

"நேத்து அம்மா மீன் வாங்குறாங்கன்னு சொல்வியா?"

"இல்லம்மா, வாங்குனாங்க."

"அதான் நேத்துன்னு சொல்லியாச்சே, அப்புறம் ஏன் மாத்துற?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நேத்துன்னு சொன்னாலும் மாத்தணும்" என்று எழுதினாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து தமிழில் சரியாகச் செய்துவரும் ஒன்றுதான் அது. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தைத்தான் காட்டத் தோன்றுகிறது.

தேர்வுத் தாளில் வாக்கியங்களை இணைக்கும் பகுதியிலும் தமிழ் கைகொடுத்தது. 'டிஸ்பைட்' (despite) வந்தால் பின்னால் முழு வாக்கியம் எழுதிவிடுவாள், அது தவறு. "மழை பெய்தது, ஆனாலும் போனோம்" என்பது "மழை பெய்தும் போனோம்" என்று சுருங்குவதைக் காட்டினேன். அங்கே 'பெய்தது' என்ற முற்று நிற்பதில்லை, 'டிஸ்பைட்' பக்கத்திலும் அப்படித்தான் என்று பிடித்துக்கொண்டாள்.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. ஆங்கிலத்தில் 'தி' (the) எங்கே போடுவது என்பதற்குத் தமிழில் பிடிமானமே இல்லை. 'டிஸ்கஸ்' என்றாலே போதும் என்ற இடத்தில் "டிஸ்கஸ் அபவுட்" என்று எழுதியதற்கு, 'பற்றிப் பேசினோம்' என்ற நம் வழக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். இதற்கெல்லாம் வாசிப்புதான் வழி. நார்த்பாயிண்ட் சிட்டியில் உள்ள ஈசூன் நூலகத்தில் புத்தகம் எடுத்து, 21 நாள் தவணைக்குள் முடிப்போம். சில பக்கங்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்வேன்.

இப்போது குறை. தொடக்கநிலை ஐந்தில் அவளுடைய கட்டுரைகள் சுருங்கிப்போயின. தேர்வுக் கட்டுரையில், கொடுக்கும் மூன்று படங்களில் ஒன்றையாவது வைத்துக் குறைந்தது 150 சொல் எழுத வேண்டும். சரியாக 150ல் நிறுத்துவாள், எல்லாமே சின்னச் சின்ன வாக்கியம். கேட்டதற்கு, "நீளமா எழுதுனா நோட்டுல எழுத வேண்டி வரும்மா" என்றாள். மனசு வலித்தது. பிழையை மட்டுமே சேர்த்துவைத்தது என் தவறு. அன்றிலிருந்து கட்டுரை எழுதும்போது நோட்டு மேசையில் இருக்காது. கடைசிப் பக்கங்களில் அவள் எழுதிய நல்ல வாக்கியங்களை நான் என் கையால் எழுத ஆரம்பித்தேன். மெதுவாகப் பழையபடி நீண்ட வாக்கியங்கள் வந்தன.

பி.எஸ்.எல்.இ. ஆங்கில வாய்மொழித் தேர்வுக்கு நோட்டு உதவவில்லை. 2025இல் அதன் மதிப்பெண் 30இலிருந்து 40 ஆனது, அதில் உரையாடலுக்கு மட்டும் 25. அதற்குப் பேருந்து நிறுத்தத்திலும் காப்பிக்கடையிலும் பேசிப் பேசித்தான் பழகினாள்.

தம்பி இந்த ஜனவரியில் தொடக்கநிலை மூன்று. அவனுடைய நோட்டின் முதல் பக்கத்தை அக்காதான் மடித்துக் கொடுத்தாள். நல்ல வாக்கியங்களுக்காக நோட்டின் கடைசியில் பத்துப் பக்கம் இப்போதே ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.