காப்பாட்சியரா, கன்சர்வேட்டரா: புதுச்சேரியிலிருந்து வெளிநாட்டு அருங்காட்சியக வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

பிரெஞ்சில் 'கோன்செர்வத்தர்' என்றால் நம் ஊர் காப்பாட்சியர், அதாவது அருங்காட்சியகச் சேகரிப்புக்குப் பொறுப்பான க்யூரேட்டர். சிலையையும் சுவடியையும் கையில் எடுத்துச் சரிசெய்கிற கன்சர்வேட்டருக்கு அங்கே 'ரெஸ்தோரத்தர்' என்று பெயர். ஓட்டல் நடத்துபவருக்கும் அதே சொல்தான்! இது புரியாமல் என் அக்கா மகள் தப்பான படிப்புக்கு விண்ணப்பம் போட இருந்தாள்.

இரண்டுக்கும் ஆள் தயார் செய்வது பாரீஸின் தேசியப் பாரம்பரிய நிறுவனம். வாசல்தான் வேறு. காப்பாட்சியர் தேர்வு அரசுப் பணித் தேர்வு. பிரெஞ்சு அல்லது ஐரோப்பியக் குடியுரிமை வேண்டும். தேறினால் சம்பளத்தோடு 18 மாதப் பயிற்சி. 1962-ல் புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அமலானபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். தாத்தா அன்று கையெழுத்துப் போட்டாரா என்பதில் இன்று பேத்தியின் தேர்வு நிற்கிறது. ஒரே தெருவில் இரண்டு வகை வீடும் உண்டு.

ரெஸ்தோரத்தர் படிப்புக்குக் குடியுரிமை கேட்பதில்லை. ஐந்து வருடம். நுழைவிலேயே ஓவியம், அறிவியல், கைத்திறன் எல்லாம் சோதிப்பார்கள். முடித்தபின் பெரும்பாலோர் சுயதொழில்தான். மாதச் சம்பளம் என்ற நிம்மதி குறைவு. 2002 சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற அருங்காட்சியகப் பொருளில் உரிய தகுதி இல்லாதவர் கை வைக்க முடியாது. இங்கே பத்து வருடம் வேலை பார்த்தேன் என்பது மட்டும் போதாது.

கனடாவின் தொழில் பட்டியலில் இரண்டும் ஒரே எண்ணில் அடங்கும்: 51101. ஆனால் கிங்ஸ்டனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கன்சர்வேஷன் முதுகலை படிக்க வேதியியல் படித்திருக்க வேண்டும். வரலாறு படித்தவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

என்னைக் கேட்டால், குடியுரிமை இல்லாதவருக்குக் கைவேலையே மேல். காப்பாட்சியர் வேலை முழுக்கப் பேச்சும் எழுத்தும். கண்காட்சிக் குறிப்பை அந்த மொழியில் பிறந்தவரைப் போல் எழுத வேண்டும். ஓலைக்கு மொழி பார்க்கத் தெரியாது. தூரிகை நார் ஓடும் வாக்கில் போக வேண்டும், குறுக்கே போனால் ஓரம் பொடியும். எழுத்து மங்கினால் விளக்குக் கரி, பிறகு எலுமிச்சைப்புல் எண்ணெய். பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துச் சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோ பதிவேட்டில் ஏறிய ஊர் இது. இதைப் பார்த்துப் பழக வேறெங்கும் போக வேண்டாம்.

"மாமா, வெண்கலத்துல பச்சையா பூக்குதே, அத தொடச்சா போயிடாதா?" என்றாள் அக்கா மகள். போகாது. கடற்கரைக் காற்றின் உப்பிலிருந்து ஏறிய குளோரைடு, ஈரம் இருக்கிறவரை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். பொடி வெறும் அடையாளம்.

அவளிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இல்லை, படிப்பு பி.ஏ. வரலாறு. பரணிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை இறக்கிவைத்திருக்கிறாள்.